நெட்டைக்கு, சைக்கிள் சீற் கிடைத்த செய்தியோடு

அன்பின் நெட்டைக்கு,

தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. நீ அனுப்பிய இரண்டு குரல்பதிவுக்கும் பதில் போடவில்லை, கோபமாக இருப்பாய், மன்னித்துக்கொள். அறுவடை, பேத்தியின் காய்ச்சல், அது முடிய கிணற்று மோட்டர் எரிந்தது, இப்படியே பங்குனி வந்துவிட்டது. இப்போது எல்லாரும் சுகம். அண்ணைக்குக் கண் ஒப்பரேஷன் செய்த பிறகு பேப்பர் வாசிக்க முடிகிறதா? பரந்தன் மாமி அதே மாமிதான், அந்தக் கதையை நேரில் சொல்கிறேன்.

வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் நீ பாதியில் நிறுத்திவிட்டு "சரி சரி" என்று போடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இது நீ வைத்திருந்து இரண்டாம் தரமும் வாசிக்கவேண்டிய விஷயம்.

எனக்குச் சீற் கிடைத்துவிட்டது. நேற்றுக் காலை ஐந்தரைக்கு வெளிக்கிட்டு முறிகண்டிப் பிள்ளையாரடி வரைக்கும் சைக்கிளில் போய், தேங்காய் உடைத்து, ஒரு சரை கச்சான் வாங்கிக்கொண்டு வட்டக்கச்சிக்குத் திரும்பி வந்தேன். வந்து இறங்கி நேராகக் குசினிப் பலகையில் குந்தித் தேங்காய் துருவினேன். நோ இல்லை, விறைப்பு இல்லை. ஏ9 றோட்டில் பஸ்காரர் உரசிக்கொண்டு போனதைத் தவிர வேறு ஒரு கஷ்டமும் இல்லை. இந்த ஒரு வரியை எழுத எனக்கு எட்டு மாதம் எடுத்திருக்கிறது.

முதல் தரம் 2022இல் நான் தோற்றது உனக்குத் தெரியும். எரிபொருள் தட்டுப்பாடு வந்து, கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் என்று ஆனபோது ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் பேத்தியின் சைக்கிளை எடுத்தேன். மூன்றாம் நாள் இருக்க முடியவில்லை. பெற்றோல் வந்ததும் விட்டுவிட்டேன். போன ஆவணியில் கிளினிக்கில் சீனி கூடியிருக்கிறது, தினமும் நடவுங்கோ என்றார்கள். நடந்தால் முழங்கால் வீங்குகிறது. சைக்கிள் என்றால் உடம்பின் பாரம் முழங்காலுக்குப் போகாது, சீற் தாங்கிக்கொள்ளும். ஆனால் அந்தப் பாரம் முழுக்கச் சீற்றில் எந்த இடத்தில் இறங்குகிறது என்று நான் யோசிக்கவே இல்லை.

பேத்தியின் சைக்கிளில் இருந்தது கியர் சைக்கிள்களுக்குப் போடுகிற ஒடுங்கிய சீற், நடு உயர்ந்து இரண்டு பக்கமும் வழிகிற மாதிரி. அது சரிவராது என்று கிளிநொச்சிக் கடையொன்றில் ஜெல் உறை வாங்கினேன். கையால் அமத்திப் பார்த்தால் ஜெலி மாதிரி இருந்தது, பேத்தி அதை விட்டு எழும்பவே மாட்டேன் என்றாள். முதல் பத்து நிமிடம் சொர்க்கம். வாய்க்கால் றோட்டில் பாதி தூரம் போகமுதல் முன்பக்கம் விறைத்து, இறங்கி நின்றாலும் உணர்ச்சி வரக் கனநேரம் பிடித்தது. பிறகு அகலமாகச் சோபா மாதிரி ஒன்று வாங்கினேன். அதன் முன் மூக்கும் அகலம், உழக்க உழக்க இரண்டு தொடையும் உரசித் தோல் உரிந்துவிட்டது. அப்போதுதான் நீ போனில், "இந்த வயதில் இதெல்லாம் வேண்டாம், விடு" என்றாய். நானும் விட்டுவிடுவோம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கிழமை ஒரு செத்தவீட்டுக்குப் போய் மரவாங்கில் மூன்று மணித்தியாலம் இருந்தேன், ஒன்றும் செய்யவில்லை. திண்ணைப் பலகை ஒன்றும் செய்யாது, பஸ் தரிப்பிடத்துச் சீமெந்துக் கட்டு ஒன்றும் செய்யாது, மெத்தென்ற சீற் மட்டும் ஏன் கொல்லுகிறது? அப்போது மருத்துவிச்சிப் பயிற்சியில் எங்களுக்குப் படிப்பித்த ரியூட்டர் மிஸ்ஸியின் குரல் காதில் கேட்டது நெட்டை, சத்தியமாக. இடுப்பெலும்புக் கூட்டைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடியில் இருக்கிற இரண்டு முனையையும் தட்டி, "இதிலதான் மனிசர் இருக்கிறது" என்றவ. கைவிரலை முட்டியாக மடக்கி அந்த இரண்டு முனைக்கும் நடுவில் வைத்துத்தானே பிள்ளை வருகிற வெளிவாசல் போதுமா என்று பார்ப்போம், எட்டு சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது என்று. எத்தனை தாய்மாருக்கு நீயும் நானும் பார்த்திருப்போம். என்னுடையதை ஒரு நாளும் பார்த்ததில்லை.

பலகை அந்த இரண்டு எலும்பையும் தாங்குகிறது, நடுப்பகுதி சும்மா இருக்கிறது. ஜெல்லில் எலும்பு அமிழ்ந்துபோகும், அமிழ அமிழ நடுவில் உள்ள ஜெல் மேலே பிதுங்கி வந்து, நரம்பும் இரத்தக்குழாயும் ஓடுகிற அந்த மெல்லிய இடத்தை அமத்தும். விறைப்பு வந்தது அதனால். ஒடுங்கிய சீற்றிலும் அதே கதைதான், எலும்பு இரண்டும் வெளியே தொங்க, நடு பாரம் தூக்குகிறது. எங்களுக்குத் தெரிந்த பாடம் இது, சைக்கிளோடு சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அளந்தேன். கடைப் பெட்டி மட்டையில் ஒரு துண்டை வெட்டி வாங்கில் வைத்து, மெல்லிய பாவாடையோடு அதன்மேல் இருந்து, முழங்கால் உயரும்படி காலைச் சின்ன முக்காலியில் தூக்கி வைத்து, கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்து ஒரு நிமிடம் அசையாமல் இருந்தேன். எழும்பிப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அடுப்புக் கரியைக் கிடையாகப் பிடித்து மட்டையில் மெல்லத் தேய்த்தேன். புட்டுமாவில் பெருவிரலால் அமத்தின மாதிரி இரண்டு இடம் மட்டும் கரி ஒட்டாமல் வெள்ளையாகத் தெரிந்தது. அந்த இரண்டு குழிக்கும் நடுவிலிருந்து நடுவுக்கு, தையல் ரேப்பால் 13 சென்ரிமீற்றர். சீற்றின் அகலம் அதற்கும் மேலே இரண்டு மூன்று சென்ரிமீற்றர் வேணும், எங்களைப்போல் நிமிர்ந்திருந்து ஓடுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம். குனிந்து ஓடுகிற பொடியன்களுக்கு ஒடுக்கம் போதும், ஏனென்றால் குனியக் குனிய எலும்பின் முன்பக்க ஒடுங்கிய பகுதியில்தான் பாரம் போகும். பேத்தியின் சீற் 15 தான். அதுவும் விளிம்பு வரை அளந்தால், விளிம்போ வழிகிற சரிவு. வேறென்ன நடக்கும்?

மட்டையைச் சுருட்டிக் கொண்டு சந்தைக்குப் பக்கத்திலுள்ள சைக்கிள் திருத்துகிறவரிடம் போனேன். கழற்றிய சீற்றுகளைக் கம்பியில் கோத்து, கருவாடு மாதிரித் தொங்கவிட்டிருக்கிறார். ஒவ்வொன்றாக எடுத்து ரேப் பிடித்தேன், அவரும் வேலையை விட்டுவிட்டு வந்து கூடப் பிடித்தார். தோல் சீற் ஒன்று இருந்தது, பழைய றலி சைக்கிளில் வந்தது, ஆசையாக இருந்தது, ஆனால் தோல் காய்ந்து ஆணியடியில் வெடித்திருக்கிறது, வேண்டாம் அக்கா என்று அவரே சொல்லிவிட்டார். எடுத்தது பழைய லேடீஸ் சைக்கிள் சீற் ஒன்று. பின்பக்கம் 20, மேல் தட்டை, மூக்கு ஒடுக்கம், பெருவிரலால் அமத்தினால் கொஞ்சம்தான் இறங்குகிற பஞ்சு, பின்னால் இரண்டு சுருள் ஸ்பிறிங். கிரவல் றோட்டுக்கு அந்த ஸ்பிறிங் வேணும், தார் றோட்டில் ஓடுகிறவர்களுக்கு இது விளங்காது.

அதோடு முடியவில்லை. பூட்டும்போது மூக்கு கொஞ்சம் மேலே நின்றது, விறைப்பு திரும்பி வந்தது. மூக்கைக் கீழே இறக்கினேன், முன்னுக்குச் சறுக்கிச் சறுக்கி ஹாண்டிலில் பாரம் விழுந்து மணிக்கட்டு நோ. கடைசியில் பக்கத்து வீட்டு மேசனிடம் நீர்மட்டம் வாங்கி வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை நட்டைத் தளர்த்தி இறுக்கித் தளர்த்தி இறுக்கிச் சரிசெய்தேன்.

இப்போது உனக்குச் சொல்லவேண்டிய முக்கியமான இடம். நாங்கள் எல்லாரும் சீற்றில் இருந்துகொண்டே இரண்டு காலும் நிலத்தில் ஊன்றவேணும் என்று சீற்றைப் பதிவாக இறக்கி வைக்கிறோம், விழுந்துவிடுவோம் என்ற பயம். பதிந்த சீற்றில் முழங்கால் மடிந்தே நிற்கும், கால் ஒரு பாரமும் எடுக்காது, முழுப் பாரமும் பின்னுக்குத்தான். உன் காலுக்கு எந்தச் சைக்கிளும் சின்னது என்று வகுப்பே சொல்லும், நீ வைத்திருந்த உயரத்துக்கு முழங்கால் வீங்காமல் என்ன செய்யும் எடியே? பெடல் அடியில் நிற்கும்போது குதிக்காலை அதில் வை, கால் நேராக நீளவேணும். பிறகு முன்பாதத்தால் உழக்கினால் முழங்கால் கொஞ்சமாக மடிந்திருக்கும், அதுதான் அளவு. ஒரே நாளில் உயர்த்தாதே, நான் அரை விரல் அரை விரலாக இரண்டு கிழமை எடுத்தேன். நிறுத்தும்போது சீற்றிலிருந்து முன்னுக்கு இறங்கிக் காலை ஊன்றப் பழகிவிட்டால் பயம் போய்விடும்.

மற்றது, எங்களுக்குள் சொல்லக்கூடியது. மாதவிடாய் நின்ற பிறகு அந்த இடத்துத் தோல் மெலிந்து வறண்டுபோகும், முப்பது வயதில் தாங்கினது இப்போது தாங்காது. நடுவில் தடித்த தையல் உள்ள உள்ளுடுப்பைப் போடாதே, பருத்தியில் தையல் ஓரமாக இருப்பதைப் போடு. வந்ததும் வியர்வையோடு இராமல் கழுவித் துடைத்து மாற்று. எலும்பு முனையில் முதல் இரண்டு கிழமை நோகும், அது பழகுகிற நோ, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடினால் போகும். நடுவில் விறைத்தாலோ ஊசி குத்தினாலோ அது வேறு, உடனே இறங்கு, சீற் பிழை. இறங்கிய பிறகும் விறைப்புப் போகாமல் நின்றால் டொக்டரிடம் காட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு இராதே. எத்தனை பேரை நாங்கள் பேசியிருக்கிறோம், ஏனம்மா இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்தீர்கள் என்று.

நேற்றுத் திரும்பி வரும்போது இரணைமடு அணைக்கட்டில் ஏறி, சைக்கிளைச் சாத்திவிட்டு இருந்தேன். தண்ணீர் நல்லாக நிற்கிறது, சிறுபோகம் செய்யலாம் என்கிறார்கள். என் பழைய சைக்கிளை நினைத்தேன். சண்டைக்காலத்தில் வன்னிக்குள் பெற்றோல் விடாதபோது மண்ணெண்ணெய் மோட்டார்சைக்கிள்கள் புகைத்துக்கொண்டு நிற்க, நாங்கள் இருவரும் பிரசவத்துக்கு முந்திப் போய்ச் சேர்வோமே, இரவில் அதையே கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி றேடியோவில் பிபிசி தமிழோசை கேட்போமே, அந்தச் சைக்கிள். அதன் சீற் என் உடம்புக்கே குழி விழுந்து பழகியிருந்தது. 2009 சித்திரையில், கடைசிச் சண்டை நேரம், மாத்தளன் மணலில் அதைச் சாத்திவிட்டு வந்தேன், நீ பக்கத்தில் நின்றாய், உன்னுடையதும் அதில் சாய்ந்திருந்தது. ஒரு மருந்துப்பெட்டியும் ஒரு பிள்ளையும் கையில், வேறு எதையும் தூக்க முடியாது. அதற்குப் பிறகு நாங்கள் இருவருமே அதைப்பற்றிக் கதைத்ததில்லை. இந்த எட்டு மாதமும் ஏறிப் பார்த்த ஒவ்வொரு சீற்றிலும் நான் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று நேற்று அணைக்கட்டில்தான் விளங்கியது, கொஞ்ச நேரம் அழுதேன். அந்த உடம்பும் இப்போது இல்லைத்தானே. இந்த உடம்புக்கு 13, அதற்கு இந்தச் சீற்.

சரி. நீ உன் சைக்கிளில் உடுப்புக் காயப்போடுகிறாய் என்று உன் மகள் சொன்னாள். இன்றைக்கே மட்டையை வெட்டி அளந்து, குழியிலிருந்து குழிக்கு எத்தனை என்று எனக்கு அனுப்பு. விளிம்பை அளக்காதே, நடுவிலிருந்து நடுவுக்கு. உன் சீற் குழாயின் தடிப்பையும் பார்த்து எழுது, கவ்வி பொருந்தவேணும். கம்பியில் இதே மாதிரி இன்னொன்று தொங்குகிறது, பின்பக்கம் 21, ஒரு ஸ்பிறிங் மட்டும் கறள். ஞாயிறு வரை ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அளவு சரியென்றால் திங்கள் முல்லைத்தீவு பஸ்ஸில் போட்டுவிடுகிறேன், முள்ளியவளையில் நின்று எடு. வைகாசிப் பொங்கலுக்கு நான் முதல்நாளே வந்துவிடுவேன், உன் வீட்டிலிருந்து வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குச் சைக்கிளில் போவோம். எனக்கு உன் பேரனின் சைக்கிள் போதும், சீற்றை மட்டும் கழற்றிக்கொண்டு வருகிறேன்.

அண்ணையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் வட்டக்கச்சிக்காரி