கெசிக் பென்சில் அருங்காட்சியகத்தாருக்கும் வழியில் கைகொடுத்தவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், கெசிக் என்ற சிற்றூரில் இருக்கும் டெர்வென்ட் பென்சில் அருங்காட்சியகத்துக்கு அப்பாவை அழைத்து வந்தவள் நான். அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மாணவர்களின் பென்சில்களை வாங்கிச் சீவிக் கொடுத்த பிறகுதான் எந்த வகுப்பையும் தொடங்குவார். இப்போது மூட்டுவலி, ஒரு கண்ணில் பார்வை மங்கல். நீங்கள் துணை நின்றிராவிட்டால், அவர் அந்த இடத்தைச் சுற்றி வந்திருப்பார்; ஆனால் பார்த்திருக்க மாட்டார். அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி பஸ் ஓட்டுநருக்கு. கெசிக்குக்கு வந்துகொண்டிருந்த ரயில் பாதை 1972-லேயே மூடப்பட்டுவிட்டது. பென்ரித்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். அப்பா ஏறி, இருக்கையில் அமர்ந்து, கைத்தடியை மடியில் வைத்துக்கொள்ளும்வரை அவர் வண்டியை எடுக்கவே இல்லை. இறங்கும்போது, எந்தப் பக்கம் நடந்தால் மேடு குறைவு என்றும் சொல்லி அனுப்பினார்.

அருங்காட்சியகத்தின் நுழைவாயிலை, பென்சிலின் கறுப்புக் குச்சிக்கு மூலப்பொருளான கிராஃபைட்டைத் தோண்டும் சுரங்கம்போல இருட்டாக அமைத்திருக்கிறார்கள். டிக்கெட் கொடுத்த பெண்மணி, அப்பா தயங்குவதைக் கண்டதும் எழுந்து வந்து, கைபேசி வெளிச்சத்தைத் தரையில் காட்டியபடி முன்னே நடந்தார். நடந்துகொண்டே கதையும் சொன்னார். 16-ஆம் நூற்றாண்டில் பக்கத்துப் பாரோடேல் பள்ளத்தாக்கில் இந்தக் கறுப்புப் பொருள் கிடைத்ததும், ஆடு மேய்ப்பவர்கள் தங்கள் ஆடுகளுக்கு அடையாளக் கோடு போட அதைப் பயன்படுத்தினார்களாம். பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுகளுக்கு உள்பூச்சாகவும் உதவும் என்று தெரிந்தபின் விலை ஏறியது, திருட்டும் பெருகியது. 1752-இல் அதைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது. நான் ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லி முடிக்கும்வரை அவர் நின்று காத்திருந்தார். அம்மா, உங்கள் பொறுமைக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

அன்று பார்வையாளராக வந்திருந்த ஒரு பெரியவருக்கு என்ன சொல்லி நன்றி தெரிவிப்பது என்று தெரியவில்லை. பென்சில் ஆலையில் வேலை பார்த்தவர் என்பதைத் தவிர அவரைப் பற்றி எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. அப்பா இயந்திரங்களின் முன் வெகுநேரம் நிற்பதைப் பார்த்து அவராகவே அருகில் வந்தார். சட்டைப் பையிலிருந்து வண்ணம் பூசாத பென்சில் ஒன்றை எடுத்து, அதன் வெட்டுமுகத்தை அப்பாவின் நல்ல கண்ணுக்கு நேராகப் பிடித்து, மேலே உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்தார். நடுவில் கறுப்பு வட்டம். அதன் இருபுறமும் மயிரிழை போல ஒரு கோடு. கோட்டுக்கு மேலே மரத்தின் ரேகை ஒரு திசையில் ஓடியது, கீழே வேறொரு திசையில் ஓடியது. ஒரு பலகையில் வரிசையாகக் காடி வெட்டி, குச்சிகளைப் பதித்து, மேலே இன்னொரு பலகையை ஒட்டி, பிறகு தனித்தனிப் பென்சில்களாக அறுக்கிறார்கள். “மரத்துக்குள் குச்சி எப்படி சார் போச்சு?” என்று அப்பாவிடம் கேட்காத வகுப்பே கிடையாது. கரும்பலகையில் படம் போட்டே விளக்கிவந்தவர், அந்த ஒட்டுக்கோட்டை நகத்தால் தடவித் தடவிப் பார்த்தார்.

பாரோடேல் கிராஃபைட் அப்படியே அறுத்துக் குச்சியாக்கும் அளவுக்குத் தூய்மையானது. போரினால் அது பிரான்சுக்குக் கிடைக்காமல் போனபோது, கோன்டே என்பவர் கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுடும் முறைக்கு 1795-இல் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் குச்சி கடினமாகும், குறைந்தால் மென்மையும் கருமையும் கூடும். ஹெச் பென்சிலும் பி பென்சிலும் இப்படித்தான் பிரிகின்றன. இந்தப் பகுதியில் பெரியவர் சொல்லச் சொல்ல, அப்பா என் மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் உலகப்போர்க் காலப் பென்சிலைக் காட்டியவரும் அவர்தான். உள்ளே சுருட்டிய மெல்லிய வரைபடம், அழிப்பானுக்கு அடியில் குட்டித் திசைகாட்டி. எதிரி மண்ணில் சிக்கிக்கொள்ளும் விமானப்படை வீரர்களுக்காக, ஆலையின் மேலாளர்கள் சிலரே வேலை நேரம் முடிந்தபின் ரகசியமாகச் செய்தவை. கிட்டத்தட்ட 8 மீட்டர் நீளமுள்ள வண்ணப் பென்சிலின் முன்தான் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இந்தச் சிறியதன்மேல்தான் மனம் போயிற்று.

குழந்தைகள் வரையும் மேசையில் அப்பாவுக்கு இடம் விட்டு, தன் பென்சில் பெட்டியையும் நகர்த்தி வைத்த சிறுமிக்கும், அவளை அவசரப்படுத்தாத அவள் அம்மாவுக்கும் நன்றி. ஒரே 2பி பென்சிலில் எத்தனை கருமை கொண்டுவரலாம் என்று அப்பா அவளுக்கு வரைந்து காட்டினார். இருவருக்கும் பொதுமொழி இல்லை. அதனால் ஒரு குறையும் வரவில்லை.

2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயலின்போது வெள்ளம் புகுந்து பாழ்பட்ட கட்டடம் இது. 2017-இல் மறுபடி திறந்தது. சேற்றை அள்ளியவர்களையும் காட்சிப்பொருள்களை மீட்டவர்களையும் நான் பார்த்ததில்லை. அவர்கள் கைவிட்டிருந்தால் அப்பாவுக்கு இந்த நாள் கிடைத்திருக்காது.

அப்பாவின் பழைய மாணவர்கள் சிலர் பென்சிலின் வெட்டுமுகத்தை ஆளுக்கொரு விதமாக வரைந்து தந்திருக்கிறார்கள். படங்களை அருங்காட்சியக முகவரிக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். அந்தப் பெரியவர் மறுபடி வந்தால், உறையின் மேலே இருக்கும் படத்தை அவரிடம் கொடுத்துவிடுங்கள். அது அப்பா வரைந்தது.

நன்றியுடன்,
ஓர் ஓவிய ஆசிரியரின் மகள்