எவ்ளோ செலவாச்சுன்னு கேக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு ஊர் திண்டுக்கல், இப்ப லண்டன்ல ஈஸ்ட் ஹாம் பக்கம் இருக்கேன், படிக்க வந்து இப்ப வேலைல இருக்கேன், மூணு வருஷம் ஆகப் போகுது. வெளிநாட்டுக்குப் படிக்கப் போற பசங்க தனியா கஷ்டப்படுறத பத்தி நீங்க போட்டிருந்தத படிச்சேன். பீஸ், வாடகை, பார்ட் டைம் வேலை எல்லாம் எழுதியிருந்தீங்க, சனி ஞாயிறு பத்தி மட்டும் ஒண்ணுமே இல்ல. எனக்கு உண்மையிலயே கஷ்டமா இருந்தது அந்த ரெண்டு நாள்தான், அதனாலதான் இத எழுதுறேன்.

மொத வருஷம் ஸ்டூடன்ட் விசால, காலேஜ் நடக்குற மாசங்கள்ல வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பாக்கலாம். வர்ற காசு வாடகைக்கே சரியா போயிரும், அதனால வெளில போறதுன்னாலே எனக்கு பயம். சனிக்கிழமை துணி துவைச்சு, ஒரு வாரத்துக்கு சாம்பார் வச்சு டப்பால போட்டு பிரிட்ஜ்ல அடுக்கி, அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு முடிச்சா மணி 3 கூட ஆகியிருக்காது. எங்க வீட்ல ஹால் கிடையாது, அதையும் ரூமா மாத்தி வாடகைக்கு விட்டுட்டாங்க, சோ கட்டில்தான் எல்லாமே. திங்கக்கிழமை காலைல ஆபீஸ்ல யாராவது பேசும்போதுதான் ரெண்டு நாளா நேர்ல யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலன்னே தெரியும்.

பக்கத்து ரூம்ல இருக்குற அக்கா யாழ்ப்பாணம், பருத்தித்துறை. ஆஸ்பத்திரில நர்ஸ். அவங்களுக்கு சனி ஞாயிறு ரெண்டும் சேந்தாப்ல லீவு கிடைக்கிறது மாசத்துல ஒரு தடவைதான். ஒரு ஜூன் மாசம் சனிக்கிழமை கதவத் தட்டி "பிள்ளை, வெளிக்கிடும், போவம்"னாங்க. காசு இல்லக்கான்னேன். "காசு கேக்காத இடத்துக்குத்தான் போறம்"னு சொல்லி கூட்டிட்டுப் போயிட்டாங்க.

டிரைவர் இல்லாம ஓடுற டிஎல்ஆர் ரயில்ல முன்னாடி கண்ணாடி ஓர சீட்டு பிடிச்சு ஐலண்ட் கார்டன்ஸ்ல இறங்கினோம். அங்க ஆத்தங்கரைல ஒரு சின்ன வட்ட கட்டடம், மேல கண்ணாடிக் குவிமாடம். உள்ள படி இறங்கினா தேம்ஸ் ஆத்துக்கு அடியிலயே நடந்து அந்தக் கரைக்குப் போகலாம். 1902ல திறந்தது, தென்கரைல இருந்த தொழிலாளிங்க இந்தப் பக்கம் கப்பல் துறைக்கு வேலைக்கு நடந்து வர்றதுக்காக கட்டினது, இன்னைக்கு வரைக்கும் டிக்கெட் கிடையாது, ராத்திரி பகல் எப்பவும் திறந்தே இருக்கு. 370 மீட்டர், சுவரு முழுக்க வெள்ளை டைல்ஸ். வடக்குப் பக்கம் கொஞ்ச தூரம் மட்டும் வழி குறுகி இரும்பு வளையமா இருக்கும், ரெண்டாம் உலகப் போர்ல குண்டு விழுந்து பழுதானத உள்பக்கமா இரும்ப வச்சு அடைச்சதாம். அந்த இடத்துல அக்கா கொஞ்சம் வேகமா நடந்தாங்க. தலைக்கு மேல ஆறு ஓடுதுன்னு நினைச்சா எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு, ஆனா பின்னாடி ஒரு குழந்தை சத்தம் போட்டு எதிரொலி கேட்டு சிரிச்சுக்கிட்டே வந்துச்சு, எங்களுக்கும் பயம் போயிருச்சு.

அந்தக் கரைதான் கிரீனிச். பார்க்ல மேடேறிப் போனா மேல அப்சர்வேட்டரி, அதான் வான ஆராய்ச்சிக் கூடம், உள்ள போக டிக்கெட் உண்டு, நாங்க போகல. ஆனா வெளி கேட்டு சுவருல ஒரு பழைய கடிகாரம் இருக்கு, 12க்கு பதிலா 24 மணியும் ஒரே வட்டத்துல போட்டது. போன்ல 12.50, அந்தக் கடிகாரத்துல சின்ன முள்ளு நேரா கீழ நிக்குது, பாத்தா 6 மணி மாதிரி. உத்துப் பாத்தாதான் 12 மணி எண்ணு கீழ இருக்குறது தெரியுது, அதுலயும் 12 ஆக இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. ஏன்னா இங்க கோடைக்கு ஊரே கடிகாரத்துல ஒரு மணி நேரம் கூட்டி வச்சிரும், அந்தக் கடிகாரத்த மட்டும் யாரும் மாத்த மாட்டாங்க, வருஷம் முழுக்க கிரீனிச் நேரம்தான், GMTன்னு சொல்றது. அக்கா கொஞ்ச நேரம் பாத்துட்டு "அப்ப இந்த மணிக்கூட்டோட அஞ்சரையக் கூட்டினா எப்பவும் எங்கட நேரம்"னாங்க. ஆமா, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம்தான். கூட்டிப் பாத்தோம், சாயங்காலம் 5.20. எங்க வீட்ல அம்மா வாசல் தெளிக்கிற நேரம், அவங்க அம்மா தேத்தண்ணி ஊத்துற நேரம். ரெண்டு பேரும் அங்கயே புல்லுல உக்காந்து வீட்டுக்குப் பேசினோம். 1 மணிக்கு அந்தக் கட்டடத்து உச்சியில இருக்குற சிவப்பு பந்து கம்பத்துல இருந்து கீழ இறங்குறதையும் பாத்தோம், ஆத்துல நிக்குற கப்பல்காரங்க மணிய சரி பண்ணிக்கிறதுக்காக 1833ல ஆரம்பிச்ச பழக்கமாம்.

மறுநாள் ஞாயிறு பஸ். அப்ப 1.75 பவுண்டு, முதல் பஸ்ல கார்டத் தட்டினதுல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள எத்தன பஸ் மாறினாலும் வேற காசு எடுக்காது. இத எனக்கு வந்த முதல் வாரமே யாராவது சொல்லியிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்! மாடில முன் சீட்டு, ஊரு முழுக்க பாத்துக்கிட்டே பிரிட்டிஷ் மியூசியம் போனோம். அங்க நுழைவுக் கட்டணம் இல்ல. இங்க சயின்ஸ் மியூசியம் மாதிரி மத்த தேசிய மியூசியம் சிலது முன்னாடி காசு வாங்கி 2001 டிசம்பர்ல இருந்துதான் ஃப்ரீ ஆச்சாம்.

மேல ஆசியா பகுதில நடராஜரப் பாத்துட்டு அதோட கடைசில கண்ணாடி அறைக்குப் போனா, ஆந்திரா அமராவதில இருந்த பழைய புத்த ஸ்தூபியோட சிற்பங்கள். கிருஷ்ணா நதிக்கரைல 1845ல தோண்டி எடுத்து மெட்ராசுக்கு கொண்டு வந்தது, 1859ல அங்க இருந்து கப்பல்ல லண்டனுக்கு வந்திருக்கு. அதுல ஒரு கல்லுல ரெண்டு பாதம் மட்டும், உள்ளங்காலுல சக்கரம் செதுக்கி. ஆரம்ப காலத்துல புத்தர பெரும்பாலும் மனுஷ உருவமா காட்ட மாட்டாங்க, பாதம், ஆள் இல்லாத ஆசனம், மரம், இப்படித்தான் காட்டுவாங்க. நான் அத விளக்கிட்டு இருந்தேன், அக்கா அந்தக் கல்லையே பாத்துட்டு "ஆளைக் காணேல்லை, அடி மட்டும் கிடக்கு"னாங்க. அதுக்கு மேல அவங்க பேசல, நானும் கேக்கல. கொஞ்ச நேரம் பக்கத்துல நின்னேன்.

அப்புறம் ரசல் ஸ்கொயர் பார்க்ல பெஞ்சுல உக்காந்து அக்கா கட்டிட்டு வந்த புட்டும் சம்பலும், என்னோட லெமன் சாதமும் சாப்ட்டோம்.

அதே அமராவதிக் கல்லுங்க எழும்பூர் மியூசியத்துலயும் இருக்கு. ஸ்கூல்ல பஸ் வச்சு கூட்டிட்டுப் போனாங்க, அங்க நான் பாத்தது திமிங்கல எலும்புக்கூடு மட்டும்தான். அடுத்த தடவ ஊருக்கு வர்றப்ப முதல் வேலையா அங்க போகணும்.

ஆசிரியர் சார், செப்டம்பர்ல நிறைய பசங்க ப்ளைட் ஏறுவாங்க. இந்த மாதிரி இடங்கள பத்தி நாலு வரி போடுங்க. வீட்ல இருக்குற அப்பா அம்மாவுக்கும் ஒண்ணு சொல்லணும். வெளில போனேன்னு புள்ள சொன்னா எடுத்த உடனே எவ்ளோ செலவாச்சுன்னு கேக்காதீங்க. எங்க போன, யார் கூட போன, என்ன பாத்தன்னு கேளுங்க. அந்தக் கேள்விக்கு பயந்தே நான் ஒரு வருஷம் ரூம்ல கிடந்தேன், எங்கம்மா மேல கோவம் இல்ல, கடன் வாங்கி அனுப்பினவங்க கேக்கத்தான் செய்வாங்க. ஆனா நான் கிரீனிச்ல இருந்து போன் பண்ணின அன்னைக்குத்தான் எங்கம்மா ரொம்ப நாளைக்கு அப்புறம் "உன் குரல் நல்லா இருக்குடி"ன்னு சொன்னாங்க.

அக்காவுக்கு அடுத்த மாச ரோஸ்டர் வந்துருச்சு, மூணாவது வாரம் ரெண்டு நாளும் லீவு. நான் இப்பவே எலுமிச்சம்பழம் வாங்கி வச்சுட்டேன்.

இப்படிக்கு,
ஈஸ்ட் ஹாம்ல இருந்து ஒரு வாசகி