ஒன்று-பத்து

சலைனா, கான்சாஸ்
அக்டோபர் 23, 2023

மாப்ளே,

உன் செய்தி வந்து பத்து நாளாயிற்று. மில்லில் ஆள் குறைவு, ராத்திரி ஷிப்டிலும் லேபை நானே பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கிடையில் உன் கேள்விக்கு வாட்ஸ்அப்பில் மூன்று முறை பதில் தட்டினேன், மூன்று முறையும் அழித்துவிட்டேன். கட்டைவிரலால் சொல்கிற கதை இல்லை அது. அதனால்தான் பேப்பரை எடுத்து உட்கார்ந்தேன்.

முதலில் பாப்பாவுக்கு வாழ்த்து. நாம் மாவு சலித்த அதே தானிய அறிவியல் துறையில் அவளும் சேர்ந்தது எனக்கு உன்னைவிட ஒரு பிடி கூடவே சந்தோஷம். "மன்ஹாட்டனா? நியூயார்க்கிலா?" என்று கேட்பவர்களுக்கு "இல்லைங்க, கான்சாஸ்" என்று சொல்லிச் சொல்லி உனக்கும் இந்நேரம் வாய் வலித்திருக்கும். நம் காலத்திலும் அதே கதைதானே.

சரி, உன் கேள்வி. சனிக்கிழமை ஊரே ஊதா உடுத்திக்கொண்டு ஸ்டேடியத்துக்குப் போகிறதே என்று அவள் ஆச்சரியப்பட்டு, கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் டீமின் வருஷவாரி கணக்கை உனக்கு அனுப்பியிருக்கிறாள். அதில் 0-11, 1-10 என்றெல்லாம் (முதல் எண் வெற்றி, அடுத்தது தோல்வி) பார்த்துவிட்டு, "டேய், இது நாம பார்த்த டீம்தானா?" என்று கேட்டிருக்கிறாய். அதே டீம்தான். நாம்தான் பாதிக் கதையில் போய் உட்கார்ந்தோம்.

1994 ஆகஸ்டில் நாம் பெட்டியோடு இறங்கியபோது அது ஏற்கெனவே பலமான டீம். அந்த வருஷம் 9-3. அடுத்து 10-2, பிறகு 9-3, நீ ஊருக்குக் கிளம்பும் முன் முடிந்த சீசனில் 11-1. கூட்டிப் பார், நான்கு வருஷத்தில் 39 வெற்றி, 9 தோல்வி. விதி தெரியாமல் போய் உட்கார்ந்த நமக்கு, இந்த ஊர் டீம் என்றால் ஜெயிக்கும் என்பது வெயில் அடிக்கும், காற்று வீசும் என்பதுபோல ஆகிவிட்டது.

பின்வரிசைப் பெரியவரை ஞாபகம் இருக்கிறதா? விதைக் கம்பெனித் தொப்பி, ஒரு காதில் ரேடியோ, மடியில் தெர்மாஸ். 1995-இல் ஆக்ரனை 67-0 என்று அடித்த அன்று, ஐம்பதைத் தாண்டியதும் நீ பாதியில் எழுந்து, "கிளம்பலாமா, பெரியவரே?" என்று அவரைச் சீண்டினாய். அவர் கடிகாரத்தைக் காட்டி, "இன்னும் நேரம் இருக்கிறது, பையா" என்றார். அவர் ஜோக் அடிக்கிறார் என்று நினைத்து நாம் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அந்த அட்டவணையின் மேல்பாதியைப் படித்த பிறகுதான் எனக்கு அந்த முகம் புரிந்தது.

1896-இல் தொடங்கிய டீம். 1934-இல் ஒரு கான்ஃபரன்ஸ் பட்டம், அதாவது தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் குழுவில் முதலிடம். ஜெயித்துக் கொடுத்த கோச் அந்த சீசனோடு வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அதன்பின் வறட்சி. 1945-லிருந்து 1948 வரை தொடர்ந்து 28 தோல்வி. சீசன் முடிந்ததும் நல்ல டீம்களை அழைத்து நடத்தும் பவுல் ஆட்டம் ஒன்றுக்கு அழைப்பு வரவே 1982 ஆயிற்று, அதிலும் விஸ்கான்சினிடம் 14-3 என்று தோற்றார்கள். மேல்மட்டக் கல்லூரி ஃபுட்பாலில் 500 தோல்வியை முதலில் தொட்ட பெருமையும் இவர்களுக்கே. 1986 அக்டோபரில் பக்கத்து வீட்டுப் பகையான கான்சாஸ் பல்கலைக்கழகத்தை ஒரு முறை ஜெயித்தார்கள். அதற்கப்புறம் 1987 முழுக்க வெற்றியே இல்லை, ஒரே ஒரு டிரா, அதுவும் அதே கான்சாஸோடு 17-17. 1988-இல் அதுவும் இல்லை, 0-11. நாட்டின் பெரிய விளையாட்டுப் பத்திரிகை ஒன்று ஆளை அனுப்பி, இதுதான் அமெரிக்காவிலேயே உருப்படாத டீம் என்று பக்கம் பக்கமாக எழுதியது. அப்பேர்ப்பட்ட டீமுக்கு வருஷா வருஷம் டிக்கெட் வாங்கியவர் நம் பெரியவர். 67-0 எல்லாம் அவருக்கு எம்மாத்திரம்.

பில் ஸ்னைடர் கோச்சாக வந்தது அப்போதுதான். அயோவாவில் கோச் ஹேடன் ஃப்ரையிடம் தாக்குதல் ஆட்டப் பொறுப்பைக் கவனித்துக்கொண்டிருந்த மனிதர், வயது 49. ஒரு நாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு, அதுவும் ராத்திரி வேலை முடிந்தபின். நம் ஊரில் விரதம் இருப்பவர்களுக்குக்கூட நடுவில் ஒரு டம்ளர் பால் உண்டு! வந்ததும் பல்கலைக்கழக ஓவிய ஆசிரியர் ஒருவரைக் கொண்டு புதுச் சின்னம் வரையச் சொன்னார். நம் டீ-ஷர்ட்டில் இருந்த அந்தக் காட்டுப்பூனைத் தலை 1989-இல் பிறந்தது.

அந்த 1989 கணக்கைத்தான் உன் பெண் அனுப்பியிருக்கிறாள், 1-10. அந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன், கேள். செப்டம்பர் 30, எதிரில் நார்த் டெக்சாஸ். 17-14 என்று பின்தங்கிய நிலையில், கடைசி முயற்சியில், கடிகாரம் பூஜ்யத்துக்கு வரும்போது கார்ல் ஸ்ட்ரா எறிந்த பந்தை ஃபிராங்க் ஹெர்னாண்டஸ் டச்டவுன் எல்லைக்குள் பிடித்தார், அதற்கு ஆறு புள்ளி. 20-17. கிட்டத்தட்ட மூன்று வருஷத்தில் முதல் வெற்றி. எதிரணி ஒன்றும் பெரிய டீம் இல்லை. ஆனாலும் சனம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டதாம். இதை எனக்குச் சொன்னது மில்லில் என் முதல் சூப்பர்வைசர். எந்த வாசல் வழியாக இறங்கினார், யார் மேல் விழுந்தார் என்பதுவரை சொல்வார். 2003-இல் டீம் பட்டம் வாங்கியதைப் பற்றிக் கேட்டால் "நல்லா ஆடினாங்க" என்பதோடு சரி.

அப்புறம் ஏறுமுகம். 1990-இல் 5-6, 1991-இல் 7-4, ஒரு சறுக்கலுக்குப் பின் 1993-இல் 9-2-1 (கடைசி எண் டிரா), முதல் பவுல் வெற்றி. இதில் மந்திரம் எதுவும் இல்லை. கான்ஃபரன்ஸுக்கு வெளியே நோஞ்சான் டீம்களாகப் பார்த்துப் பொறுக்கி வீட்டுக்கு அழைப்பார் ஸ்னைடர், வெற்றியை எண்ணிக்கொள்வார். பள்ளி முடித்த பெரிய பையன்கள் இந்த ஊருக்கு வரமாட்டார்கள் என்று தெரிந்து, இரண்டு வருஷ ஜூனியர் காலேஜ்களில் தேடினார். பந்தெறியும் மைக்கேல் பிஷப் அப்படி டெக்சாஸ் பிளின் காலேஜிலிருந்து வந்தவர்தான். பலவீனமான எதிரிகளைத் தேடுகிறார் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்தார்கள். நியாயமான கேலிதான். ஆனால் நீச்சல் தெரியாதவனைக் கடலில் தள்ளிக் கற்றுக்கொடுக்க முடியுமா? ஆழமில்லாத குளத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும். என்ன, கொஞ்சம் அதிக நாள் குளத்திலேயே நின்றுவிட்டார், அவ்வளவுதான்.

இனி நீ பார்க்காத வருஷம். 1998 மே மாதம் நீ போனாய். ஒரு சீசன் பொறுத்திருக்கலாம்.

முதல் ஆட்டமே 66-0. டெக்சாஸை 48-7. அந்த வருஷம் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய ரிக்கி வில்லியம்ஸை அன்று 43 கெஜத்தோடு நிறுத்தினார்கள். இரண்டாமிடம் நம் பிஷப்புக்கு. நவம்பர் 14 நெப்ராஸ்கா வந்தது. 1968-க்குப் பிறகு 29 வருஷமாக ஒரு முறைகூட ஜெயித்ததில்லை, அதற்கு முந்தின வருஷம்தான் 56-26 என்று நம்மை அடித்திருந்தார்கள். அன்று 40-30. கோல் கம்பத்தைப் பிடுங்கி எறிந்தார்கள். நான் மைதானத்தில் இறங்கி, யாரென்றே தெரியாத ஒரு பாட்டியம்மாவோடு கை கோத்துக் குதித்தேன். பின்வரிசைப் பெரியவர் மட்டும் அசையாமல் தெர்மாஸைத் திருகிக்கொண்டிருந்தார்.

11-0. டிசம்பர் 5, செயின்ட் லூயிஸில் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மோடு நம் கான்ஃபரன்ஸான பிக் 12-இன் இறுதி ஆட்டம். தேசியப் பட்ட ஆட்டத்துக்கு நமக்குப் போட்டியாக இருந்த யூசிஎல்ஏ அன்று மதியமே மயாமியிடம் தோற்றது. நாம் ஜெயித்தால் போதும், தேசியப் பட்டத்துக்கான ஆட்டம் நமக்கு. நான் நம் பழைய அபார்ட்மென்டில்தான் டிவி பார்த்தேன். நீ விட்டுப்போன, காலாடுகிற அந்த நாற்காலியில். கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது 27-12. புளிசாதம் கிளறி வைத்துவிட்டு, ஜெயித்ததும் சாப்பிடலாம் என்று காத்திருந்தேன்.

அந்த நேரம் வரவில்லை. பிஷப் பந்தை நழுவவிட்டார். ஒரு நிமிஷம் ஐந்து விநாடி மீதமிருக்கும்போது சர் பார்க்கர் என்கிற பையன் டச்டவுன் அடித்து, கூடவே இரண்டு புள்ளியும் எடுத்து, 27-27. முதல் ஓவர்டைமிலும் சமம். இரண்டாவதில் நாம் மூன்று புள்ளி எடுத்துவிட்டோம். அவர்களுக்கு முன்னேற மூன்றாவது வாய்ப்பில் 17 கெஜம் தேவை. அதே பார்க்கர் குறுக்கே ஓடி, பந்தை வாங்கி, மூலைக் கம்பத்தை நோக்கிப் பாய்ந்தார். 36-33. "இன்னும் நேரம் இருக்கிறது, பையா" என்ற குரல் எனக்குக் காதில் கேட்டது.

வெளியே ஆகிவில் கடைவீதிக்கு நடந்தேன். கடைகள் திறந்திருந்தன, பாட்டு இல்லை. ஊதாச் சட்டை போட்ட ஒருவர் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து தன் ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். உன்னைக் கூப்பிட நினைத்துப் போன் கார்டை எடுத்தேன், நாற்பது விநாடிதான் பாக்கி. அதற்குள் இதை எப்படிச் சொல்வது?

அட்டவணையில் 1998 வரியில் 11-2 என்றிருக்கும், அவ்வளவுதான். தரவரிசையில் மூன்றாவதாக இருந்தும் பெரிய பவுல் ஆட்டம் எதுவும் நம்மைக் கூப்பிடவில்லை. நான்காவது ஓஹயோ ஸ்டேட்டுக்கு சுகர் பவுல், நமக்கு சான் அன்டோனியோவில் அலாமோ பவுல். மனமில்லாமல் போய் பர்டூவிடம் 37-34 என்று தோற்றார்கள். பிறகு மூன்றாமிடக்காரரைக் கைவிடக் கூடாது என்று விதியையே திருத்தினார்கள், அதற்கு நம் டீமின் பெயரையே வைத்து அழைத்தார்கள். செத்தவனுக்குச் சிலை வைத்த மாதிரி.

எனக்கு இன்னும் ஆறாதது இதன் தொடர்ச்சிதான். 2003-இல் நம் டீம் நான்கு ஜெயித்து, மூன்று தோற்று, பிறகு வரிசையாக ஜெயித்து இறுதிக்கு வந்தது. எதிரில் தோல்வியே காணாத, முதலிடத்து ஓக்லஹோமா. ஐந்தடி ஆறங்குல டேரன் ஸ்ப்ரோல்ஸ் 235 கெஜம் ஓடினார். 35-7. 1934-க்குப் பிறகு முதல் பட்டம். ஆனால் தோற்ற ஓக்லஹோமா என்ன ஆனது? நேராகத் தேசியப் பட்ட ஆட்டத்துக்குப் போனது! போன டிசம்பரிலும் அதே கதை. 12-0 என்று வந்த டிசியூவை (டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) ஓவர்டைமில் 31-28 என்று நம்மவர்கள் ஜெயித்தார்கள். டிசியூ நான்கு டீம் ப்ளேஆஃபுக்குப் போய் இறுதிவரை எட்டியது. இறுதி ஆட்டத்தில் ஒரு முறை தோற்றதற்கு நமக்கு அலாமோ, அவர்களுக்கெல்லாம் தேசிய மேடை. யாரிடம் போய்ச் சொல்ல?

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2004, 2005 இரண்டும் சரிவு, ஸ்னைடர் ஓய்வு பெற்றார், ஸ்டேடியத்துக்கு அவர் குடும்பப் பெயரை வைத்தார்கள். அடுத்து வந்தவருக்கு மூன்று வருஷம், ஒட்டவில்லை. தன் குடும்பப் பெயர் எழுதிய ஸ்டேடியத்துக்கே 2009-இல் மறுபடி வேலைக்கு வந்தார் கிழவர். 2012-இல் கோலின் க்ளைனை வைத்துக்கொண்டு 10-0, நாட்டில் முதலிடம். பிறகு பெய்லரில் 52-24 என்று உதை. 2018-இல் முடித்துக்கொண்டபோது மொத்தக் கணக்கு 215 வெற்றி, 117 தோல்வி, ஒரு டிரா. அவருடைய இன்னொரு பழக்கம் உனக்குத் தெரியுமோ என்னவோ. எதிரணியில் நன்றாக ஆடியவனுக்கும் அடிபட்டவனுக்கும் ஊதா மையில் கைப்பட கடிதம் எழுதி அனுப்புவார். இந்தக் கடிதத்துக்கும் ஊதா பேனா தேடினேன். வீட்டில் கிடைத்தது மில்லின் நீலப் பேனாதான்.

பாப்பா இன்னொன்றும் கேட்டிருந்தாள், பேண்டு வாசிக்கும்போது எல்லோரும் ஏன் குனிந்து நிமிர்ந்து ஆடுகிறார்கள் என்று. நாமும் காரணம் தெரியாமலே ஆடினோமே, அந்த ரயில் பாட்டு. 1968 டிசம்பரில் நிக்கல்ஸ் ஹால் எரிந்து பேண்டின் இசைத்தாள் எல்லாம் சாம்பலாயிற்று. பேண்டு மாஸ்டர் அன்று வீட்டுக்கு எடுத்துப்போயிருந்த ஒரே பாட்டு அதுதான் என்று சொல்வார்கள்.

இந்த வருஷக் கணக்கு பரவாயில்லை. மிசௌரியில் 61 கெஜத்திலிருந்து கடைசி விநாடியில் உதைத்து நம்மைத் தோற்கடித்தார்கள், அது தனி எரிச்சல். போன சனிக்கிழமை டிசியூவை 41-3 என்று அடித்தார்கள். வரும் சனி ஹூஸ்டன். பாப்பாவுக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். முதலில் கேம்பஸில் உள்ள கால் ஹாலில் ஐஸ்கிரீம், பிறகு ஸ்டேடியம். குளிர் கடுமையாக இருக்கும் என்கிறார்கள், என்னுடைய பழைய கம்பளியைக் கொண்டு போகிறேன். புது தெர்மாஸ் ஒன்றும் வாங்கியிருக்கிறேன், அதில் டிகிரி காபி போட்டு எடுத்துப்போவதாகத் திட்டம். உன் பெண் 30-0 ஆனதும் கிளம்பலாமா என்று கேட்டால் என்ன சொல்வேன் என்று உனக்கே தெரியும்.

அந்த நாற்காலியை இன்னும் வைத்திருக்கிறேன். கால் இன்னும் ஆடுகிறது.

உன் பழைய ரூம்மேட்