கழுவாத கைகளா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வியட்நாமின் சாப்பா மலைப்பகுதி பற்றிய பயணக் கட்டுரையை வாசித்தேன். ‘நீலக் கறை படிந்த கழுவாத கைகளால் சோறு பரிமாறினார்கள், வேறு வழியின்றிச் சாப்பிட்டோம்’ என்ற வரிக்கு வந்ததும் இதழை மடித்து வைத்துவிட்டேன். மனம் ஆறவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அங்கு வாழும் மோங் மக்களின் வீட்டில் மூன்று இரவு தங்கியவள் நான். ஹனோயில் வேலை பார்க்கும் மகளுடன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் போயிருந்தேன். லாவ் சாய் என்ற ஊர். கீழே முவாங் ஹோவா பள்ளத்தாக்கு முழுக்கப் படிப்படியாக நெல்வயல். குளிரால் ஆண்டுக்கு ஒரு போகம்தான்.

அந்த வீட்டுப் பெண்ணுக்கு மணிக்கட்டு வரை கை நீலம். நகக்கண்கள் கறுப்பாகவே தெரியும். வீட்டின் பின்புறம் ஒரு பீப்பாய் இருந்தது. நீலச் சாயச்செடியின் இலைகளை அதில் நாட்கணக்கில் ஊறவைத்து, சக்கையை எடுத்துவிட்டு, சுண்ணாம்பு சேர்த்து அடித்துக் கலக்குகிறார்கள். கிட்டே போனால் புளித்த நெடி. கஞ்சாச் செடித் தண்டின் நாரை நூற்று நெய்த துணியை அந்தச் சாயத்தில் முக்குவதும் உலர்த்துவதும் மறுபடி முக்குவதுமாக வாரக்கணக்கில் வேலை நடக்கிறது. வெளியே எடுக்கும்போது துணி பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் நம் கண்ணெதிரிலேயே நீலமாகும். முப்பத்தொரு ஆண்டுகள் தாவரவியல் கற்பித்தவள் நான். அன்று சிறுபிள்ளை போல வாய் பிளந்து நின்றேன். அந்தச் சாயச்செடி நம் மலைக் குறிஞ்சியின் பேரினத்தைச் சேர்ந்தது, ஸ்ட்ரோபிலாந்தஸ். குறிஞ்சிக்குப் பாட்டுப் பாடிய மொழியில்தான் ‘கழுவாத கைகள்’ என்றும் அச்சாகியிருக்கிறது.

அன்றிரவு சமைக்கும் முன் அவர் சோப்புப் போட்டு இருமுறை கை கழுவினார். நான் பார்ப்பதைக் கவனித்தவர், இரண்டு உள்ளங்கைகளையும் என் முன் விரித்துக் காட்டி, ‘இது போகாது’ என்றார். இதற்கு முன் எத்தனை விருந்தாளிகளிடம் இப்படிக் கை விரித்துக் காட்ட நேர்ந்ததோ! எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் சைவம் என்று மகள் சொன்னதும், வாணலியை மறுபடி தேய்த்துக் கழுவி, கடுகுக்கீரையும் டோஃபுவும் தனியாக வதக்கிக் கொடுத்தார்.

‘படிப்பறிவற்ற மக்கள்’ என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடம் போகாத அந்தப் பெண் வீட்டில் தாய்மொழியும், கடையில் வியட்நாமியமும், எங்களிடம் ஆங்கிலமும் பேசினார். ஆங்கிலம் பயணிகளிடம் பேசிப் பேசியே கற்றுக்கொண்டது. அங்குள்ள பெண் ஒருவர் பின்னிய பையைப் பாதி விலைக்கு அடித்துப் பேசி வாங்கியதைக் கட்டுரையாளர் பெருமையாகச் சொல்கிறார். நாங்கள் பயண ஏற்பாட்டாளரிடம் கட்டிய பணத்தில் கால்பங்குகூட அந்த வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்பது அங்கே தங்கியபோதுதான் தெரிந்தது. பன்சிபான் சிகரத்துக்கு 2016இல் வந்த கேபிள் காருக்கு அரைப்பக்கம் ஒதுக்கத் தெரிந்தவருக்கு இதைக் கேட்டறிய ஒரு நிமிடம் கிடைக்கவில்லையா?

பெயரையாவது சரியாக எழுதியிருக்கலாம். கட்டுரை முழுவதும் ‘மியோ’. வியட்நாமிய மொழியில் அந்த ஒலிக்குப் பூனை என்று பொருள். அந்த மக்கள் அதை இழிவாகவே கருதுகிறார்கள். 1979இல் அந்நாட்டு அரசு வகுத்த 54 இனங்களின் பட்டியலிலேயே அவர்கள் பெயர் மோங். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல.

இது முதல்முறையும் அல்ல. நீலகிரித் தோடர்கள் போர்த்தும் பூவேலைச் சால்வையான பூத்துக்குளியைத் தங்கள் இதழ் ஒரு படத்தின் கீழ் ‘பழைய போர்வை’ என்று குறிப்பிட்டது. அந்தப் பூவேலைப்பாடு 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. அன்றும் கடிதம் எழுதினேன். பிரசுரமாகவில்லை, பதிலும் இல்லை. மலையில் வாழ்பவர்கள் என்றாலே நம் எழுத்தில் ஏன் இந்த இளக்காரம்? நாற்பது ஆண்டுகளாக இந்த இதழைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவள் என்ற உரிமையில் கேட்கிறேன்.

நான் வேண்டுவது இரண்டே வரித் திருத்தம். அந்த மக்களின் பெயர் மோங் என்றும், கைகளில் இருப்பது துணிச்சாயம் என்றும் அடுத்த ஞாயிறு இதழில் வெளியிட வேண்டும்.

அந்தப் பெண் கொடுத்த துணியிலிருந்து விரலளவு துண்டு ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஈரக்கையால் அதைச் சற்று நேரம் கசக்கிவிட்டு, பிறகு சோப்புப் போட்டுக் கழுவிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருச்சி