'முதல் பெண்' என்பதோடு நிறுத்திவிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் அறிவியல் தின இணைப்பில் நானோ தொழில்நுட்பம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்மியூர் பற்றியும் 1932-ல் அவர் வாங்கிய நோபல் பரிசு பற்றியும் விரிவாக எழுதியிருந்தீர்கள். அவருடைய ஆய்வகத்திலேயே வேலை பார்த்த கேத்தரின் பிளாட்ஜெட்டுக்குக் கிடைத்தது ஒரே வரி: கேம்பிரிட்ஜில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் பெண். 1926-ல் வாங்கினார், சரி. அதற்கு அப்புறம் அந்த அம்மா என்ன செய்தார் என்று ஒரு வார்த்தை இல்லை. மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் அப்பா ஆரம்பித்த மூக்குக்கண்ணாடிக் கடையை நான் நடத்தி வருகிறேன். வெளிச்சம் பட்டுத் திரும்புவதைக் குறைக்கும் ஏ.ஆர். கோட்டிங் போட்ட லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பச்சையா அடிக்குது?" என்று கேட்காதவர்கள் குறைவு. அது குறை இல்லை, திரும்பி வரும் வெளிச்சத்தில் மிச்சம் இருக்கும் துளி நிறம் அது. சாதாரணக் கண்ணாடி, தன் மேல் விழும் ஒளியில் பக்கத்துக்கு 4 சதவீதம் வீதம் இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ராத்திரியில் மேலூர் ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு எதிர் லாரியின் விளக்கு ஏன் இத்தனை தொந்தரவு தருகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒளியலையின் நீளத்தில் கால் பங்கு தடிமனுக்கு ஒரு படலத்தைக் கண்ணாடி மேல் படியவிட்டால், படலத்தின் மேலே பட்டுத் திரும்பும் ஒளியும் அடியில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சொல்வது சுலபம். அந்தத் தடிமன் 100 நானோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்தான் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோமீட்டர்). அதைப் பிசகாமல் எப்படிப் படிய வைப்பது?

பிளாட்ஜெட் ஒரு தண்ணீர்த் தொட்டியை வைத்தே அதைச் செய்தார். சோப்பிலும் மெழுகுவர்த்தியிலும் சேர்க்கிற ஸ்டியரிக் அமிலத்தைத் தண்ணீர் மேல் விட்டால், ஒரே ஒரு மூலக்கூறின் தடிமனுக்குப் பரவி நிற்கும். தலைப்பக்கம் தண்ணீரில் இருக்கும், வால் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரில் பேரியம் உப்பைக் கரைத்துவிட்டு, கண்ணாடித் தகட்டை மெதுவாக உள்ளே இறக்கி மேலே எடுத்தால் அந்தப் படலம் தகட்டில் ஒட்டிக்கொண்டு வரும். இறக்கும்போது ஓர் அடுக்கு, ஏற்றும்போது இன்னோர் அடுக்கு. ஓர் அடுக்கின் தடிமன் சுமார் இரண்டரை நானோமீட்டர். இப்படி 44 அடுக்குகள் சேர்ந்தபோது கண்ணாடியின் பளபளப்பு மறைந்தது. 1938-ல் அவர் வேலை பார்த்த ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் இதை உலகத்துக்கு அறிவித்தது.

எனக்கு இதைவிடப் பிடித்தது அவருடைய அளவுகோல். மழை விட்டதும் பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் தேங்கிய தண்ணீரில் டீசல் நிறம் நிறமாக மிதக்குமே, அங்கே படலத்தின் தடிமன் மாற மாற நிறமும் மாறுகிறது. அதே விஷயத்தைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். ஒரு கண்ணாடியில் அடுக்குகளைப் படிப்படியாக ஏற்றி, எந்தத் தடிமனுக்கு எந்த நிறம் என்று தெரிகிற மாதிரி ஒரு வரிசை செய்தார். தெரியாத படலத்தை அதன் பக்கத்தில் வைத்து, நிறத்தை ஒப்பிட்டுத் தடிமனைச் சொல்லிவிடலாம். விலை கூடிய கருவி எதுவும் வேண்டியதில்லை.

அவர் செய்த படலம் மிருதுவானது. துணியால் துடைத்தால் போய்விடும். அதே சமயத்தில் வேறு சிலர் வெற்றிடத்தில் ஃபுளூரைடு உப்பை ஆவியாக்கிக் கெட்டியான பூச்சைக் கொண்டுவந்தார்கள். நான் இன்று விற்கும் லென்ஸ் அந்த வழியில் வந்தது. ஆனால் மூலக்கூறுகளை ஒவ்வோர் அடுக்காக ஏற்றும் அவருடைய முறை, லாங்மியூர்–பிளாட்ஜெட் படலம் என்ற பெயரில் இன்றும் ஆய்வகங்களில் இருக்கிறது. லாங்மியூரின் நோபல் இந்த வேலைக்கு முன்னாலேயே கிடைத்துவிட்டது. அதனால் பிளாட்ஜெட்டின் பரிசைத் தட்டிப் பறித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 1918-ல் சிகாகோவில் விஷவாயு முகமூடிக்கான கரியை ஆராய்ந்ததில் தொடங்கி, 1963-ல் ஓய்வு பெறும் வரை உழைத்தவரை ஒரே பட்டத்தில் அடக்கிவிட வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

நம் ஊரில் அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடங்களில் பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்பிள்ளைகள் கண் பரிசோதனையும் லென்ஸ் வேலையும் கற்றுக்கொள்கிறார்கள். என் கடையில் வேலை பழக வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அடுத்த அறிவியல் பக்கத்தில் பிளாட்ஜெட்டுக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். அவருடைய முகத்தை மட்டும் போடாமல், தொட்டியையும் தகடு இறங்கி ஏறுவதையும் படம் வரைந்து போடுங்கள். லென்ஸ் தேய்க்கும் மேசைக்கு எதிரே உள்ள சுவரில் அதை ஒட்ட இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடை நடத்தும் ஒரு வாசகி,
மதுரை