அந்த 200 ரூபாயை விலைவாசியோடு இணையுங்கள்: ஒன்றிய நிதியமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒன்றிய நிதியமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 பட்ஜெட்டும் வந்து போனது. இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரையுள்ள ஏழைகளுக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு மாதம் அதே 200 ரூபாய்தான். 2006-இலும் 200. திட்டத்தின் கதை உங்களுக்குத் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான்: தொகையை உயர்த்துங்கள், விலைகள் ஏற ஏறத் தானாக ஏறும்படி அதை விலைவாசிக் குறியீட்டோடு இணையுங்கள்.

பொருளாதாரம் கற்பிப்பவன் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். ரிசர்வ் வங்கிக்கு நீங்கள் வைத்த பணவீக்க இலக்கு, அதாவது விலையேற்ற இலக்கு, ஆண்டுக்கு 4 சதவீதம். அது பிசகாமல் நிறைவேறினாலே 18 ஆண்டில் விலைகள் இரட்டிப்பாகும். நடந்தது அதைவிட மோசம். 2009 முதல் 2013 வரை சில்லறைப் பணவீக்கம் 10 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. ஆக, அன்றைய 200 ரூபாய்க்கு இன்று 100 ரூபாய் மதிப்புகூட இல்லை. யாரும் ஆணை போடவில்லை, மசோதா கொண்டுவரவில்லை. சும்மா இருந்தே ஓய்வூதியத்தைப் பாதிக்கு மேல் வெட்டியாயிற்று.

நாளுக்கு 6 ரூபாய் 67 காசு. இதை வாங்கவும் ஒரு மூதாட்டி பஸ் ஏறி வங்கி முகவரைத் தேடிப் போக வேண்டும். உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகையைக் கருவி ஏற்காவிட்டால் வெறுங்கையோடு திரும்பி, இன்னொரு நாள் மறுபடி பஸ் ஏற வேண்டும். போக்குவரத்துச் செலவு போக மிஞ்சுவது என்ன என்று உங்கள் அமைச்சகத்தில் யாராவது கணக்குப் போட்டதுண்டா?

அந்த மூதாட்டி வாங்கும் சோப்புக்கும் ஜிஎஸ்டி உண்டு. அந்த வரி விலையில் இத்தனை சதவீதம் என்று வசூலிக்கப்படுவதால், விலை ஏறினால் உங்கள் வரவும் ஏறும். வரவு விலைவாசியோடு நடக்கிறது, அவருக்குத் தரும் காசு மட்டும் 2006-இல் நிற்கிறது.

குறியீட்டோடு இணைப்பது என்ன, நாடாளுமன்றம் அறியாத வித்தையா? எம்பிக்களின் சம்பளத்தை 2018-இல் நிதிச் சட்டத்தின் வழியாகவே பணவீக்கக் குறியீட்டோடு இணைத்தீர்கள். 2025 மார்ச்சில் அது மாதம் ஒரு லட்சத்திலிருந்து 1,24,000 ரூபாய் ஆனது. முன்னாள் எம்பிக்களின் ஓய்வூதியம் 25,000-இலிருந்து 31,000. அதுவும் 2023 ஏப்ரல் முதல் முன்தேதியிட்டு! விலைவாசி டெல்லியில் மட்டும்தான் ஏறுகிறது போலும்.

சரி, கோபத்தை ஓரமாக வைக்கிறேன். நிதிப்பற்றாக்குறை என்பீர்கள். சுமார் 2.2 கோடிப் பேருக்கு மாதம் 300 ரூபாய் கூட்டினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 8,000 கோடி. 2019-இல் கம்பெனி வரியைக் குறைத்தபோது அரசே சொன்ன வருவாய் இழப்பு 1.45 லட்சம் கோடி. பற்றாக்குறையைப் பற்றிய கவலை அன்று எங்கே போயிருந்தது?

இது என் ஒருவனின் குரலும் அல்ல. 2017-இல் 60 பொருளாதார அறிஞர்கள் இந்தத் தொகையை உயர்த்தச் சொல்லி அன்றைய நிதியமைச்சருக்கு எழுதினார்கள். 2022 டிசம்பரில் 51 பேர் மறுபடி எழுதினார்கள். அவர்கள் கேட்டதும் குறைந்தது 500 தான். 80 வயதைத் தாண்டியவர்களுக்கு நீங்களே அதைத்தான் கொடுக்கிறீர்கள். அறுபது வயதுக்காரருக்குப் பசி குறைவு என்று எந்தக் குறியீடு சொன்னதோ, தெரியவில்லை.

அடுத்த பட்ஜெட்டில் முதலில் 500 ஆக்குங்கள். அப்புறம் ஒவ்வொரு ஏப்ரலிலும் விலைவாசிக் குறியீட்டின்படி அது தானாக உயர விதி செய்யுங்கள், யாரும் மடல் எழுதிக் கேட்க வேண்டியிராதபடி. பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பொருளாதார ஆசிரியன்