கத்தரிக்காய் மாதிரி ஒரு மீன்

மண்டபம்,
மார்கழி 18

அன்புள்ள குட்டைச் சடைக்கு,

உன் கடிதமும் பார்சலும் போன வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தன. கம்பளித் தொப்பியை எங்கள் வீட்டுக்காரர் உடனே பிடுங்கிக்கொண்டார். விடியற்காலை நான்கு மணிக்கு மீன் ஏலத்துக்குப் போகிறவருக்கு அது வேண்டியதுதான். கரையில் எல்லாரும் ‘என்ன மாமா, காஷ்மீருக்குக் கிளம்பிட்டீங்களா’ என்று கேட்கிறார்களாம். அப்படிக் கேட்கிறார்கள் என்பதற்காகவே தினமும் போட்டுக்கொண்டு போகிறார். காலுறை எனக்கு. குளிருக்கு இல்லையடி, கொசுவுக்கு. மாட்டிக்கொண்டு படுத்தால் கொசு ஏமாந்து போகிறது.

நான் போர்வை தைக்கிறேன் என்று போனில் சொன்னதற்கு, ‘உங்க ஊர்ல குளிர்னு ஒண்ணு இருக்கா?’ என்று எழுதியிருக்கிறாய். ஊட்டியில் உட்கார்ந்துகொண்டு, காலையில் புல் மேல் உறைபனியைப் பார்க்கிறவள் கேட்கத்தான் செய்வாய். இங்கே ராத்திரி 20 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே அதிசயம். ஆனால் எங்கள் குளிர் ஈரமாக வரும். உப்பு ஜாடி தானாகத் தண்ணீர் விடுகிறது. தீப்பெட்டி நமுத்துப்போய் ஆறு குச்சி கிழித்தால் ஒன்று பற்றுகிறது. கொல்லைக் கதவு ஊறி உப்பிவிட்டது, தோளால் இடித்துத்தான் சாத்த வேண்டும். காயப்போட்ட சேலையை மூன்றாம் நாள் எடுத்தாலும் தொட்டால் சில்லென்றுதான் இருக்கிறது. அதைக் கட்டிக்கொண்டு வாடைக்காற்றில் வாசல் தெளிக்க நில், அப்புறம் பேசுவோம்.

இந்த வருஷம் ஐப்பசி பிறந்ததுமே வாடை எழும்பிவிட்டது. வடகடல் ஓயவில்லை. படகுகளில் பாதி தென்கடல் பக்கம் போய்விட்டன. வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் நம் பெரியவர்கள் சொல்வார்களே, நினைவிருக்கிறதா? அந்தப் பெண் இந்த மூன்று மாதம் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தால், பெயர் வைத்தவர் தென்மேற்குக் காற்று வீசும் கச்சான் காலத்தில் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போனவர் போலத் தெரிகிறது.

அம்மா இருந்தவரை டிசம்பர் 22 ராத்திரி எங்கள் வீட்டில் விளக்கு அணையாது. 1964இல் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன ராத்திரி. அவள் அப்போது பாம்பனில் இருந்தாள். அதைப் பற்றி அதிகம் பேச மாட்டாள். ஆனால் வருஷா வருஷம் அன்றைக்குத் தூங்கவும் மாட்டாள். முழித்திருக்கக் கையில் வேலை வேண்டுமே, அதனால் ஏதாவது தையல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தலையணை உறை, பை, கிழிந்த பாவாடைக்கு ஓரம் என்று எதுவாவது இருக்கும். காற்றின் சத்தம் கூடினால் ஊசி நிற்கும், குறைந்தால் ஓடும். இந்த வருஷம் அவள் இல்லை. எனக்கும் தூக்கம் வரவில்லை. பீரோவைத் திறந்து அவளுடைய நீலச் சுங்குடிச் சேலையை எடுத்தேன். அப்படித்தான் இந்தப் போர்வை ஆரம்பித்தது.

பெட்டியில் அடியில் இருப்பது அதுதான். கணக்கைச் சொல்கிறேன், நீயும் தைத்துப் பார். ஐந்தரை மீட்டர் சேலையை மூன்றாக மடித்தால் ஆறடி நீளம், 45 அங்குல அகலம் வரும். ஒரு ஆளுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். நடுவில் இவருடைய நைந்த வேட்டியை இரண்டு மடிப்பு வைத்தேன். மொத்தம் ஐந்து அடுக்கு. எல்லாத் துணியையும் முதலில் வெந்நீரில் அலசிக் கஞ்சியை எடுத்துவிடு, இல்லாவிட்டால் தைத்த பிறகு சுருங்கி ஒரு பக்கம் இழுக்கும். ஓரத்திலிருந்து தைக்க ஆரம்பிக்காதே. நடுவில் ஒரு கோடு ஓட்டிவிட்டு, அங்கிருந்து இரண்டு பக்கமும் விரலகலம் விட்டுவிட்டுப் போ. அப்போதுதான் துணி ஓரத்துக்கு நகர்ந்து போகும், நடுவில் கொப்புளம் போடாது. நூலை மெழுகுவர்த்தியில் ஒருதரம் இழுத்துக்கொண்டால் சிக்கு விழாது.

முதலில் மெஷினில்தான் ஓட்டிப் பார்த்தேன். 16ஆம் நம்பர் ஊசி இரண்டு உடைந்தது. சரி, இது கையால்தான் என்று விட்டுவிட்டேன். அதுவும் நல்லதற்குத்தான். மெஷின் தையல் போட்ட போர்வை அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும். கைத்தையல் போட்டது நாலு தரம் துவைத்தால் காதுமடல் மாதிரி ஆகிவிடும்.

கால்மாட்டில் ஒரு பச்சைச் சதுரம் ஒட்டுப் போட்டிருக்கிறேன், பார். ஒன்பதாம் வகுப்பில் ஹாஸ்டலில் என் மேல் ஒரு புட்டி மையைக் கொட்டிவிட்டு, அழுதுகொண்டே உன் தாவணியைத் தந்தாயே, அதுதான். இத்தனை வருஷமாகப் பெட்டியில் கிடந்தது. ஏன் கால்மாட்டில் என்று கேட்காதே. தலைமாட்டில் வைக்கிற அளவுக்கு நீ ஒன்றும் நல்லவளாக இருந்ததில்லை.

அந்தச் சதுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பூத்தையல் இருக்கும். அதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பேத்திக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் தையலைத் தொடவில்லை. ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டுப் போய்விட்டேன். இத்தனை வருஷம் கடற்கரையில் குப்பை கொட்டியவளுக்குப் புத்தி வேண்டாமா? வந்து பார்த்தால் ஊசி துரு ஏறி, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் துணியில் செங்கறை. எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டால் துருக்கறை போகும். எனக்குத் தெரிந்ததுதான். தேய்த்தேன். வெயிலுக்கு எங்கே போவது? ஐந்து நாள் வானம் மூடிக்கிடந்தது. கறை வெளுக்கவும் இல்லை, சும்மாவும் இருக்கவில்லை. மஞ்சளாகப் பரவி இரண்டு பங்கானது.

அதை மறைக்கச் சங்கிலித் தையலில் ஒரு மீன் போட்டேன். விளைமீன். செதிலெல்லாம் தனித்தனியாகப் போட்டு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்தேன். பேத்தி வந்து பார்த்துவிட்டு, ‘கத்தரிக்கா நல்லாருக்கு அப்பத்தா’ என்றாள். வாலைக் காம்பு என்று நினைத்துக்கொண்டாளாம். இவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாமல் போனால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

இப்போது ஊசிகளை ஒரு தகர டப்பாவில், மெஷின் எண்ணெய் தொட்ட பஞ்சுக்குள் குத்தி வைத்திருக்கிறேன். எடுத்ததும் பழந்துணியில் இரண்டு தரம் குத்தி எண்ணெயைத் துடைத்துவிட்டுத் தைக்கிறேன். உங்கள் ஊர்க் குளிருக்கு இந்த ஐந்து அடுக்கு போதாது என்று தெரியும். கம்பளிக்கு உள்பக்கமாகப் போட்டுக்கொள், கம்பளி குத்தாது.

போர்வைக்கு மேலே சுக்குமல்லிப் பொடி. 200 கிராம் மல்லி விதை, 100 கிராம் சுக்கு, ஒரு மேசைக்கரண்டி மிளகு, ஏலக்காய் பத்து. மல்லியை மட்டும் வாசம் வரும் வரை வறுத்தேன். சுக்கை இடித்துப் போடு, முழுசாகப் போட்டால் மிக்ஸி பிளேடு போய்விடும். கருப்பட்டி இரண்டு வட்டு வைத்திருக்கிறேன். போன சித்திரையில் காய்ச்சியது. இந்த ஈரத்தில் கருப்பட்டி வேர்த்து இளகிவிடும் என்பதால் ஓலைக்கொட்டானில் போட்டு அடுப்புக்கு மேலே புகை படுகிற மாதிரி கட்டித் தொங்கவிட்டிருந்தேன். லேசாகப் புகை வாசம் அடிக்கும், கெட்டுப்போனது என்று தூக்கிப் போட்டுவிடாதே. தண்ணீரில் கரைத்து வடிகட்டித்தான் சேர்க்க வேண்டும், அடியில் மணல் நிற்கும். பால் ஊற்றுவதாக இருந்தால் அடுப்பை அணைத்த பிறகு கலந்துகொள். கொதிக்கும்போது சேர்த்தால் திரியும். பால் ஊற்றுவதே தப்பு என்பது என் கட்சி. உன் வீட்டில் அண்ணன் பால் இல்லாமல் எதையும் குடிக்க மாட்டாரே, அதனால் சொல்கிறேன்.

அப்புறம் தொதல். பக்கத்து வீட்டு லாத்தா கீழக்கரைக்காரி என்று சொல்லியிருக்கிறேன் இல்லையா, அவள் மேற்பார்வையில் செய்தது. அரைக் கிலோ அரிசி மாவு, ஒரு கிலோ கருப்பட்டி, ஐந்து தேங்காயின் பால். சாமான் அவ்வளவுதான். மிச்சமெல்லாம் கை. பெரிய உருளியில் விட்டு மூன்று மணி நேரம் கிண்டினோம். முதலில் கஞ்சி மாதிரி இருந்தது, பிறகு களி மாதிரி ஆனது, அப்புறம் கரண்டியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. தேங்காய் எண்ணெய் பிரிந்து ஓரமெல்லாம் பளபளவென்று நின்று, கிண்டும்போது மொத்தமும் ஒரே உருண்டையாகக் கூடவே சுற்றி வர வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் அது தொதல் இல்லை, களி என்பாள் லாத்தா. ஆளுக்குக் கால் மணி நேரம் என்று முறை வைத்துக்கொண்டோம். என் முறையில்தான் அடிபிடித்தது. போன் அடித்தது, ஒரு நிமிஷம் திரும்பினேன். அடித்தவள் நீதான். எனவே ஒரு ஓரத்துத் துண்டில் தீய்ந்த வாசம் வந்தால் பழி பாதி உனக்கு. மலேசியாவிலும் இதையே டோடோல் என்று விற்கிறார்களாம். கப்பலில் போய் வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த பலகாரம் இது என்று லாத்தா சொல்கிறாள்.

தனிச் சாக்கில் 50 பனங்கிழங்கு இருக்கிறது. சாயல்குடியிலிருந்து சின்ன மாமியார் கொடுத்துவிட்டது. பொங்கலுக்குத்தான் நன்றாகப் பருக்கும், இது முந்திப் பிடுங்கியதால் கொஞ்சம் ஒல்லி. மஞ்சளும் உப்பும் போட்டு அவித்துச் சும்மா தின்பது உனக்குத் தெரியும். இந்த முறை இடித்துப் பார். தோலை உரித்து, நடுநரம்பை உருவிவிட்டு, துண்டாக நறுக்கிக்கொள். இரண்டு பல் பூண்டு, தேங்காய்ச் சில்லு, தணலில் சுட்ட குண்டு மிளகாய் நாலு, கல் உப்பு. உரலில் இடித்தால் உத்தமம். மிக்ஸி என்றால் விட்டுவிட்டு ஓட்டு, ஒரேயடியாக ஓட்டினால் பசையாகிவிடும். மிளகாயும் ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பெருமைக்காரி, பார்த்துப் போடு. நிறம்தான் சாது.

அலங்காரச் சாமான் இரண்டு. ஒன்று சிப்பிச் சரம், ஜன்னலுக்கு. சிப்பியில் துளை நான் போட்டதில்லை. உற்றுப் பார், ஒவ்வொன்றிலும் கம்மல் துளை மாதிரி வட்டமாக, ஓரம் சாய்வாக ஒரு ஓட்டை இருக்கும். நத்தை ஒன்று மேலே உட்கார்ந்து மெல்லத் துளைத்து உள்ளே இருந்ததைத் தின்றுவிட்டுப் போன வழி. தூண்டில் நரம்பை அதிலேயே கோத்துவிட்டேன். பேத்தி பவளப்பாறைத் துண்டு ஒன்றையும் பொறுக்கிக்கொண்டு வந்தாள், மான்கொம்பு மாதிரி அழகாகத்தான் இருந்தது. இங்கே 21 தீவுகளையும் சேர்த்து 1986இலிருந்து கடல் தேசியப் பூங்கா. பவளத்தை எடுப்பது சட்டப்படி குற்றம். கரையில் கிடந்ததுதானே என்று அழுதாள். கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கடலில் போட வைத்தேன். அன்று சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை.

இன்னொன்று ஓலைக் கிலுகிலுப்பை, ஏழு. குருத்தோலையை வாரி, ஈர்க்கை நீக்கி, நாலு பொடிக்கல் உள்ளே போட்டு முடைந்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் தங்கச்சிமடத்தில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்கியதைப் பார்த்துவிட்டு, நம் வீட்டுக்கும் வேண்டும் என்று பேத்தி பிடித்த பிடியில் பிறந்தவை. நட்சத்திரம் எனக்கு முடைய வரவில்லை, தெரிந்ததைச் செய்தேன். சாயம் காய்ச்சி இரண்டைச் சிவப்பாக்கி வாசல் உத்தரத்தில் வரிசையாகக் கட்டினோம். பார்க்க ஜோராக இருந்தது. ராத்திரி வாடை வீசியதும் ஏழும் சேர்ந்து விடிய விடியக் கிலுகிலுவென்று ஒரே ஆட்டம். இவர் இரண்டு மணிக்கு எழுந்து ஸ்டூல் போட்டு ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டுப் படுத்தார். அந்த ஏழும்தான் இப்போது உன்னிடம் வருகிறது. உங்கள் வீட்டில் காற்று வராத மூலையாகப் பார்த்துக் கட்டு.

போன வருஷம் அனுப்பிய கிழங்கு ஒன்பது நாள் எங்கேயோ கிடந்து பூத்து வந்ததல்லவா, அதனால் இந்த முறை தம்பி மகன் கையில் கொடுத்தனுப்புகிறேன். கோயம்புத்தூரில் அவன் கல்லூரி விடுமுறை முடிந்து திறக்கிறது என்று போகிறான், ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்புவான். வெறுங்கையோடு அனுப்பாதே. வர்க்கி ஒரு கிலோ, அப்புறம் நீ பின்னி மிஞ்சிய கம்பளி நூல் துண்டு எந்த நிறமாக இருந்தாலும் கொடுத்துவிடு. லாத்தா தன் பேரனுக்கும் தொப்பி கேட்கிறாள். எனக்குப் பின்ன வராது என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள், அந்த மீனை அவள் இன்னும் பார்க்கவில்லை.

கிழங்குச் சாக்கை வந்ததும் அவிழ்த்துப் பரப்பி வை.

உன்,
நெட்டைக் கொக்கு